மில் தியாகிகளுக்கு மாலை போட்டாச்சு. கஞ்சி சுமந்த பையனைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா?

பாகூர் ஏரிக்கரை | ஜூலை 30, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குச் சாயங்காலம் மகளை ட்யூஷன்ல இருந்து கூட்டிக்கிட்டு கடலூர் சாலை வழியா வந்தேன். ஜூலை 30 இல்லையா, மில் தியாகிகளுக்கு மாலை போட்டு, செங்கொடி கட்டி, மைக்ல பேசிக்கிட்டிருந்தாங்க. மகள் எட்டாவது படிக்கிறா. "யாருப்பா இவங்க, மந்திரியா?"ன்னு கேட்டா. "இல்லம்மா, மில்லுல வேலை செஞ்சவங்க. 1936-ல போலீஸ் சுட்டு 12 பேர் செத்துப்போனாங்க"ன்னு சொன்னேன்.

"அவங்க பேரு என்ன?"

வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். ஒரு பேர்கூட எனக்குத் தெரியலை. பொறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த மண்ணு. தலைவர்ங்க வ. சுப்பையா பேரு தெரியும், குபேர் பேரு தெரியும். குண்டு வாங்கின 12 பேர்ல ஒருத்தர் பேரும் வாயில வரலை. ராத்திரி சோறு இறங்கலை எனக்கு.

ஆகஸ்ட் 15-க்கு அவ பள்ளிக்கூடத்துல கட்டுரை கேட்டிருக்காங்க: "சுதந்திரப் போரில் சாதாரண மக்களும் சிறுவர்களும்". கடையில வாங்கின கட்டுரைப் புத்தகத்தைப் புரட்டினா அதே காந்தி, நேரு, வ.உ.சி, பாரதி. அவங்களைக் குறை சொல்ல நான் யாரு. ஆனா தலைப்புக்குப் பதில் அதுல இல்லையே. கடலூர், புதுச்சேரிப் பக்கம் உங்க வீட்டுல, தெருவுல கேட்டது எதுவா இருந்தாலும் சொல்லுங்க. கூலிக்காரர், படகுக்காரர், பசங்க, யாரா இருந்தாலும் சரி.

மில்காரர் பேரன் | ஜூலை 30, இரவு 10.40

அண்ணே, நான் முதலியார்பேட்டை. எங்க தாத்தாவுக்கு அப்போ பத்து வயசு. அவரோட அப்பா சவானா மில்லுல நூற்புப் பிரிவு. சவானான்னா பின்னாடி சுதேசி மில்னு ஆச்சே, அதுதான். ரோடியர், கப்ளே, சவானா, மூணு மில் சங்குதான் அன்னைக்கு ஊருக்கே கடிகாரம். இன்னைக்கு மூணும் மூடிக்கிடக்கு.

வேலை பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் போகும். எட்டு மணி நேரம் வேணும், சங்கம் வெச்சுக்க உரிமை வேணும்னுதான் ஸ்டிரைக். கதவுக்கு வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்கன்னு மில்லுக்குள்ளயே உட்கார்ந்துட்டாங்க. உள்ள இருக்கறவங்க வயித்துக்கு என்ன செய்யறது? பொம்பளைங்க கூழ் காய்ச்சித் தருவாங்க, பசங்க தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. பெரியவங்க போனா விரட்டுவாங்க, பசங்கன்னா கண்டுக்காம விட்ட நேரமும் உண்டு. தாத்தா ஒரு நடைக்கு மூணு நாலு தூக்கு கொண்டு போவாராம், ரெண்டு கையில, ஒண்ணு தலையில சும்மாடு வெச்சு.

ஜூலை 30-ந் தேதி துப்பாக்கிச் சூடு. அன்னைக்கு நடந்ததைத் தாத்தா கடைசி வரைக்கும் முழுசாச் சொன்னதில்லை. "சத்தம் கேட்டுச்சு, கூழ் கொட்டிடுச்சு, அம்மா அடிப்பாளேன்னு அழுதேன்"னு மட்டும் சொல்லுவார். பத்து வயசுப் பையனுக்கு அப்போ பயம் கொட்டின கூழைப் பத்தி.

1937-ல எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவுல சட்டமாச்சு. அதே நேரம் எல்லைக்கு அந்தப்பக்கம் கடலூர்ல வெள்ளைக்காரன் சட்டப்படி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம், பன்னிரண்டு வயசு ஆயிட்டா பிள்ளைங்களை அஞ்சு மணி நேரம் மில்லுல நிறுத்தலாம். இதையும் பாப்பா எழுதட்டும்.

உப்பனாற்றங்கரை | ஜூலை 31, காலை 6.25

நான் கடலூர் முதுநகர். எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தியைச் சொல்லாம இந்த இழை நகரக் கூடாது.

அஞ்சலை அம்மாளை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. 1890-ல பொறந்தவங்க, நெசவுக்காரக் குடும்பம். 1927-ல சென்னை மவுண்ட் ரோட்டுல நீல் சிலையை எடுக்கணும்னு போராட்டம். 1857-ல வடக்கே ஊர் ஊரா ஆளுங்களைத் தூக்குல போட்ட தளபதி அந்த நீல். அந்தப் போராட்டத்துக்கு அஞ்சலை அம்மா தனியாப் போகலை. ஒம்பது வயசு மகள் அம்மாக்கண்ணுவையும் கையில பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. தாயும் கைது, மகளும் கைது. காந்தி அந்தக் குழந்தையைப் பார்த்து லீலாவதின்னு பேர் வெச்சு, தன்னோட ஆசிரமத்துக்கே கூட்டிக்கிட்டுப் போனார்.

ஒம்பது வயசுன்னா நாலாம் வகுப்பு. எங்க வீட்டுலயும் அந்த வயசுல ஒண்ணு இருக்கு. ராத்திரி தனியாக் கொல்லைப்பக்கம் போகாது.

அப்புறம் அஞ்சலை அம்மா கர்ப்பமா இருக்கும்போதே வேலூர் சிறையில இருந்தாங்க. பிரசவத்துக்கு வெளிய விட்டு, பெத்ததும் கைக்குழந்தையோட திரும்ப உள்ள போனாங்க. அந்தப் பிள்ளைக்கு ஜெயில் வீரன்னே பேர். 1934-ல காந்தி கடலூர் வந்தப்ப இவங்களைப் பார்க்கக் கூடாதுன்னு தடை. பர்தா போட்டுக்கிட்டு வந்து பார்த்தாங்க. தென்னாட்டு ஜான்சி ராணின்னு அவர் சொன்னது அதுக்கப்புறம்தான். வீடு, நிலம் எல்லாம் போராட்டத்துலயே கரைஞ்சுது.

பாப்பாகிட்ட சொல்லுங்க: அம்மாவைப் பத்தி நாலு வரி எழுதினா மகளைப் பத்தியும் ரெண்டு வரி எழுதணும்.

தேவனாம்பட்டினத்தான் | ஜூலை 31, பகல் 1.50

நான் கொஞ்சம் பின்னாடி போறேன். பொறுத்துக்குங்க, விஷயம் நம்ம ஊருதான்.

அமெரிக்கா விடுதலைப் போரோட கடைசிச் சண்டை ஒண்ணு நம்ம கடலூர்க் கடல்ல நடந்துச்சு. எங்க குப்பத்துலயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1775-ல அங்க போர் ஆரம்பிச்சுது. 1778-ல பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்துச்சு. உடனே இங்க இங்கிலீஷ் தளபதி மன்ரோ படை வந்து பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த புதுச்சேரியை வளைச்சுது. ரெண்டு மாசத்துக்கு மேல தாக்குப் பிடிச்சு, அக்டோபர்ல பிரெஞ்சு கவர்னர் பெல்கோம் கோட்டையை ஒப்படைச்சார். 1782 ஏப்ரல்ல மைசூர் ஹைதர் அலி துணையோட பிரெஞ்சுக்காரங்க கடலூரைப் பிடிச்சாங்க. அதைத் திருப்பி வாங்க 1783 ஜூன்ல இங்கிலீஷ் தளபதி ஸ்டூவர்ட் படை ஊருக்குத் தெற்கே வந்து இறங்குச்சு, கிழக்கே கடல், மேற்கே குன்று. ஜூன் 13 சண்டையில இங்கிலீஷ் பக்கம் மட்டும் செத்தவங்க, காயம்பட்டவங்க ஆயிரம் பேருக்கு மேல.

கடல்ல பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரேன்கிட்ட 15 கப்பல், எதிர்ல இங்கிலீஷ் தளபதி ஹியூஸ்கிட்ட 18. சூஃப்ரேன் கப்பல்ல ஆள் பத்தலை. அதனால கரையில இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1,200 பேரை ஏத்தி அனுப்பினார். அதுல பாதிப்பேர் நாட்டுச் சிப்பாய்ங்க. தரையில நடந்து பழகினவங்களை பீரங்கிகிட்ட நிறுத்துனாங்க. ஜூன் 20-ந் தேதி சண்டை முடிஞ்சு ஹியூஸ் மெட்ராஸ் பக்கம் போயிட்டார்.

எனக்கு நெஞ்சு வலிக்கிற இடம் இனிமேதான் வருது. ஜூன் கடைசியில வெள்ளைக் கொடியோட ஒரு கப்பல் வருது. பிரான்சும் இங்கிலாந்தும் ஜனவரியிலயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சுன்னு சேதி. அஞ்சு மாசமா முடிஞ்சுபோன போருக்கு இங்க மனுசன் செத்துக்கிட்டிருந்திருக்கான். காயிதம் கடல் தாண்டி வரலை, அவ்வளவுதான்.

இப்போ எங்க ஆளுங்க. இந்தக் கரையில துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல் ஆழத்துல நிக்கும். அரிசி மூட்டை, தண்ணிப் பீப்பாய், பீரங்கிக் குண்டு, சிப்பாய், எது ஏறணும்னாலும் இறங்கணும்னாலும் சலங்குப் படகுதான். பலகையைக் கயித்தால தைச்ச படகு, ஆணி இருக்காது. ஆணி அடிச்சா அலை உடையிற இடத்துல தரை தட்டும்போது பொளந்துக்கும். தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். அந்த அலையைத் தாண்ட எந்த வெள்ளைக்காரனுக்கும் தெரியாது. எண்ணி எண்ணி ஏழாவது அலையா, ஒம்பதாவது அலையான்னு பார்த்துத் துடுப்பு போடறவன் எங்க பாட்டன். அவன் இல்லாம தண்ணிகூட கப்பலுக்குப் போயிருக்காது.

வில்லியனூர் வாத்தியார் | ஜூலை 31, மாலை 7.05

தேவனாம்பட்டினத்துத் தம்பி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு மறுப்பு இருக்கிறது, சொல்லாமல் விட முடியவில்லை.

அது யாருடைய சுதந்திரம்? பிரெஞ்சுக்காரன் பக்கம் நின்ற சிப்பாயும் கூலிக்குத்தான் நின்றான், இங்கிலீஷ்காரன் பக்கம் நின்ற சிப்பாயும் கூலிக்குத்தான் நின்றான். இரண்டு பக்கமும் செத்தவன் நம்மவன். ஒப்பந்தம் முடிந்ததும் கடலூர் ஆங்கிலேயருக்கு, புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு. தமிழனுக்கு ஒரு பிடி மண் மிஞ்சவில்லை. அதைப் "பங்களிப்பு" என்று சொன்னால், பிள்ளைகள் சுதந்திரம் என்ற சொல்லுக்கே தவறான பொருளைக் கற்றுக்கொள்வார்கள். மில் தொழிலாளி தன் உரிமைக்காக நின்றான். சலங்குக்காரன் யாரோ ஒருவரின் போருக்குச் சுமை தூக்கினான். இரண்டையும் ஒரே கட்டுரையில் வைக்கலாம். ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

தேவனாம்பட்டினத்தான் | ஜூலை 31, இரவு 9.30

ஐயா சொல்றது நியாயம். ஒரே தட்டுல வைக்க வேணாம். கூலின்னு சொன்னீங்களே, அதுக்கு மட்டும் பதில் சொல்லணும்.

அமெரிக்காவுல சண்டை போட்டவங்களும் முக்கால்வாசி ஏழைப்பட்டவங்கதான். ஜோசப் பிளம் மார்ட்டின்னு ஒரு பையன், 1776-ல பதினஞ்சு வயசுல படையில சேர்ந்தான். கடைசி வரைக்கும் நின்னான். 1777 கடைசியில மேலிடத்துல இருந்து "எல்லாரும் நன்றி செலுத்தி விருந்து கொண்டாடுங்க"ன்னு உத்தரவு. பட்டினி கிடந்த படைக்கு அன்னைக்கு விருந்துன்னு அளந்து போட்டது தலைக்கு அரை ஆழாக்குக்கும் குறைவா அரிசியும் ஒரு கரண்டி காடியும். இதை அவரே வயசான காலத்துல எழுதி வெச்சதால தெரியுது. எழுதாம போன ஆயிரம் பேர் என்ன சாப்பிட்டாங்களோ. நம்ம ஊரு நோன்புக் கஞ்சிக்குக்கூட அதைவிட அதிகம் அரிசி போடுவோம்.

இன்னொரு பையன், ஜேம்ஸ் ஃபோர்ட்டன். பிலடெல்பியா. கறுப்பின பையன், அடிமையா இல்லாம பொறந்தவன். 1781-ல பதினாலு வயசுல 'ராயல் லூயி'ங்கிற கப்பல்ல ஏறினான். வேலை என்ன தெரியுமா? கீழ் அறையில இருந்து பீரங்கிக்கு வெடிமருந்து தூக்கிக்கிட்டு ஓடறது. சின்ன உடம்பு, தாழ்ந்த கூரைக்குள்ள குனியாம ஓடலாம், அதுக்காகத்தான் பசங்க. கப்பல் பிடிபட்டுச்சு. பிடிச்ச தளபதியோட மகனுக்கு இவனைப் பிடிச்சுப்போய், இங்கிலாந்துக்கு வா, படிக்க வைக்கறோம்னு கூப்பிட்டாங்க. நாட்டுக்குத் துரோகம் செய்யமாட்டேன்னு மறுத்தான். நியூயார்க்ல 'ஜெர்சி'ங்கிற சிறைக்கப்பல்ல ஏழு மாசம். நோய்ல செத்தவங்களை தினம் காலையில தூக்கிக்கிட்டுப் போற இடம் அது. பிழைச்சு வெளிய வந்து வீட்டுக்கு வெறுங்காலோட நடந்தான்.

ஐயா, அவன் சண்டை போட்ட சுதந்திரம் அவன் இனத்துக்குக் கிடைக்கலை. அடிமை முறை அங்க இன்னும் எண்பது வருசம் இருந்துச்சு. அதனால அவன் செஞ்சது பங்களிப்பு இல்லைன்னு சொல்லிடலாமா? அவன் பின்னாடி பாய்மரம் தைக்கிற தொழில்ல பெரிய ஆளாகி, அந்தக் காசை அடிமை ஒழிப்புக்கே செலவழிச்சான். நாட்டுக்குக் கொடுத்தது ஒரு கணக்கு, நாடு திருப்பிக் கொடுத்தது வேற கணக்கு.

முத்தியால்பேட்டை | ஆகஸ்ட் 1, காலை 8.15

நல்லாப் போகுது இழை. புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையை விட்டு இந்தியா பக்கம் வந்த 1954-ஐ யாருமே தொடலையே. நெட்டப்பாக்கம், திருபுவனை ஆளுங்க யாராவது இருந்தா வாங்க.

நெட்டப்பாக்கம் மருமகள் | ஆகஸ்ட் 1, பகல் 3.20

பொறந்தது பண்ருட்டி, வாக்கப்பட்டது நெட்டப்பாக்கம். என் மாமியார் சொன்னதைச் சொல்றேன்.

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது: புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்ல. ஒரு ஊர் இந்தப்பக்கம், அடுத்த ஊர் அந்தப்பக்கம். நெட்டப்பாக்கத்துல இருந்து புதுச்சேரி டவுனுக்குப் போகணும்னா நடுவுல இந்திய எல்லையைத் தாண்டித்தான் போகணும். அப்போ சாவடிக்குச் சாவடி சோதனை. அரிசி கொண்டுபோனா கேள்வி, துணி கொண்டுபோனா கேள்வி. 1954 மார்ச் மாசம் கொம்யூன் (நகராட்சி மாதிரி) மேயர்கள் இந்தியாவோட சேரணும்னு தீர்மானம் போட்டாங்க. மாசக் கடைசியில எங்க ஊர்ல மூவர்ணக் கொடி ஏறுச்சு, தற்காலிக அரசாங்கம் இங்கதான் உட்கார்ந்துச்சு. குபேர், வெங்கடசுப்பா ரெட்டியார் பேரெல்லாம் புத்தகத்துல இருக்கு.

மாமியாருக்கு அப்போ பதினொரு வயசு. மாட்டு வண்டியில வைக்கோல் ஏத்தி, வைக்கோலுக்கு அடியில நோட்டீஸ் கட்டு. வைக்கோல் மேல இவங்களையும் தம்பியையும் உட்கார வெச்சுடுவாங்களாம். சாவடியில குழந்தைங்க உட்கார்ந்திருந்தா கம்பியை விட்டுக் குத்திப் பார்க்கமாட்டாங்க. "தூங்கற மாதிரி படுத்துக்கோ, கண்ணைத் திறக்காத"ன்னு அவங்கப்பா சொல்லுவாராம். கண்ணை மூடிக்கிட்டா வைக்கோல் தூசியில தும்மல் வருமாம். தும்மலை அடக்கினதுதான் நான் சுதந்திரத்துக்குச் செஞ்சதுன்னு எங்ககிட்ட சொல்லுவாங்க. அவங்க அதைச் சின்னதா நினைச்சாங்க. நான் அப்படி நினைக்கலை. நோட்டீஸ் மாட்டியிருந்தா வண்டியும் போயிருக்கும், மாடும் போயிருக்கும், அப்பாவும் போயிருப்பார்.

அப்புறம் அக்டோபர் 18-ந் தேதி கீழூர்ல ஓட்டு. மொத்தம் 178 பிரதிநிதிகள், 170 பேர் இந்தியாவோட சேர, 8 பேர் எதிர்த்து. நவம்பர் 1 நிர்வாகம் கைமாறிச்சு. சட்டப்படி முழுசா மாற 1962 ஆகஸ்ட் 16 ஆச்சு. எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கற ஒண்ணு: ஓட்டுப் போட்டது அந்த 178 பேர்தான். வண்டி ஓட்டினவருக்கு அங்க ஓட்டு இல்ல. வைக்கோல் மேல படுத்திருந்தவங்களைக் கேட்கவே வேணாம். கீழூர் நினைவிடத்துல வருசா வருசம் கொடி ஏறும்போது நான் அந்த வண்டியைத்தான் நினைச்சுக்குவேன்.

லயத்து வீட்டுப் பேத்தி | ஆகஸ்ட் 1, இரவு 10.05

நான் பரங்கிப்பேட்டைப் பக்கம். எங்க தாத்தா மலேயாவுல பால்மரம் சீவப் போனவர். தோட்டத்துல லயத்து வீடு (கூலிங்க வரிசை வீடு), கங்காணி, விடியக்காலை பெரட்டுன்னு ஆள் எண்ணறது, எல்லாம் அனுபவிச்சவர். 1943 ஜூலையில நேதாஜி சிங்கப்பூர் வந்து பேசினார்னு கேள்விப்பட்டு, கத்தியைக் கொட்டகையில வெச்சுட்டு ஐஎன்ஏவுல, அதான் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல, சேர்ந்துட்டார். அவரை மாதிரி ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிங்க. எழுதப் படிக்கத் தெரியாது, துப்பாக்கியைக் கண்ணால பார்த்தது கிடையாது.

சிறுவர்னு கேட்டீங்களே, அங்க பாலர் சேனைன்னே ஒண்ணு இருந்துச்சு. தோட்டத்துப் பசங்களை வரிசையா நிறுத்தி அணிவகுப்பு, பாட்டு, காயத்துக்குக் கட்டுப் போடப் பழக்கம். அக்டோபர்ல ஜான்சி ராணிப் படைக்கு முகாம் திறந்தாங்க, கேப்டன் லட்சுமி தலைமையில. பொம்பளைங்க காதுல கிடந்ததைக் கழட்டிக் கொடுத்தாங்க. தோட்டக் கூலிப் பொம்பளை காதுல என்ன பெரிய நகை இருக்கும், ஒரு ஜோடிக் கம்மல்தான். அதுதான் அவ வாழ்நாள் சேமிப்பு.

தாத்தா கப்பல்ல திரும்பி வந்து, 1972-ல மத்திய அரசு தியாகி பென்ஷன் திட்டம் வந்தப்ப மனுப் போட்டார். ஆறு மாசம் சிறையில இருந்ததுக்கு அத்தாட்சி கேட்டாங்க. இல்லைன்னா கூட இருந்த கைதி எழுதிக் கொடுக்கணும். கூட இருந்தவர் யாரு? ஒருத்தர் பர்மாவுல காய்ச்சல்ல போயிட்டார், ஒருத்தர் மலேயாவுலயே தங்கிட்டார். ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸ், அப்படியே எட்டு வருசம் நடந்தார். பென்ஷன் வரலை. கடைசி வரைக்கும் அந்த மனு நகல் துணிப்பையில மடிச்சு வெச்சிருந்தார், மடிப்புல கிழிஞ்சுபோய் நாலு துண்டா இருந்துச்சு. நான்தான் ஒட்டினேன்.

தேவனாம்பட்டினத்தான் | ஆகஸ்ட் 1, இரவு 10.50

தங்கச்சி, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியலை. நான் மேல சொன்ன அந்த ஜோசப் பிளம் மார்ட்டினுக்கும் இதே கதிதான். 1818-ல அங்க பழைய சிப்பாய்களுக்கு பென்ஷன் சட்டம் வந்துச்சு. வாங்கணும்னா வறுமையை நிரூபிக்கணும். தன் சொத்து ரெண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்னின்னு அதிகாரிங்க முன்னாடி எழுதிக் கொடுத்தார். அவருக்கு வருசம் 96 டாலர் கிடைச்சுது. பதினஞ்சு வயசுல சேர்ந்து நாட்டை விடுவிச்சவர், கிழவனா நின்னு ஆட்டை எண்ணிச் சொல்லவேண்டி வந்திருக்கு. உங்க தாத்தாவுக்கு அதுவும் கிடைக்கலையே.

வில்லியனூர் வாத்தியார் | ஆகஸ்ட் 2, காலை 7.40

எல்லாவற்றையும் படித்தேன். படகுக்காரர் விஷயத்தில் நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஃபோர்ட்டன் கதை என் மனதை மாற்றியது.

ஆனால் சிறுவர் விஷயத்தில் பிடிவாதமாக ஒன்று சொல்வேன். முப்பத்தொரு வருடம் பள்ளியில் இருந்தவன் நான். பத்து வயதுப் பிள்ளையைத் துப்பாக்கி முனைக்குப் பக்கத்தில் அனுப்பியதைப் பெருமையாக எழுதப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். வெடிமருந்து தூக்கிய பையன், சாவடியில் கண்ணை மூடிப் படுத்த பெண், சிறைக்குப் போன ஒன்பது வயதுக் குழந்தை. இவர்களுக்கு நாம் செலுத்த வேண்டியது வணக்கம் மட்டுமல்ல, மன்னிப்பும். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை குழந்தைகள் தலையில் விழுந்தது. அமெரிக்கப் போரில் பதினான்கு வயதில் பிடிபட்ட ஆண்ட்ரூ ஜாக்சன், அதிகாரியின் பூட்ஸைத் துடைக்க மறுத்ததற்கு வாள் வெட்டு வாங்கினார். பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனதால் அதை வீரக் கதையாகச் சொல்கிறார்கள். அதே போரில் அவருடைய அண்ணன்கள் இருவரும் இறந்தார்கள், தாயும் இறந்தார். பதினான்கு வயதில் அநாதை. அந்தப் பாதியையும் சேர்த்துத்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

உப்பனாற்றங்கரை | ஆகஸ்ட் 2, காலை 11.10

ஐயா, உங்க மேல மரியாதை வெச்சே சொல்றேன். மன்னிப்புன்னு சொன்னது சரி. ஆனா அம்மாக்கண்ணுவை யாரும் "அனுப்பினாங்க"ன்னு நான் நினைக்கலை. தாயும் போராட்டக்காரி, தகப்பனும் போராட்டக்காரர். ரெண்டு பேரும் உள்ள போயிட்டா குழந்தை யார் வீட்டுத் திண்ணையில உட்காரும்? ஏழை வீட்டுல குழந்தைக்குன்னு தனி உலகம் கிடையாதுங்க. அம்மா கருவாடு விக்கப் போனா அதுவும் சந்தைக்குப் போகும், அம்மா நாத்து நடப் போனா வரப்புல உட்காரும். அம்மா ஜெயிலுக்குப் போனா அங்கயும் போகும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத்தான் போர் முடியற வரைக்கும் மாடியில விளையாட இடம் இருந்துச்சு.

அதனாலதான் சொல்றேன், அந்தக் குழந்தைங்க செஞ்சதைப் பெருமைன்னும் எழுதணும், அவங்க அதைச் செய்ய வேண்டி வந்ததைக் கொடுமைன்னும் எழுதணும். ரெண்டுல ஒண்ணை எழுதி ஒண்ணை விட்டா அது அவங்க கதை இல்ல.

வில்லியனூர் வாத்தியார் | ஆகஸ்ட் 2, பகல் 12.30

அம்மா, ஒப்புக்கொள்கிறேன். திண்ணை என்று சொன்னீர்களே, அதற்கு மேல் எனக்குப் பேச்சில்லை.

பாகூர் ஏரிக்கரை | ஆகஸ்ட் 3, இரவு 8.45

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். ரெண்டு ராத்திரியா மகளும் நானும் இதைச் சத்தமா வாசிச்சோம். அவங்கம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்தா. வர்ற ஞாயித்துக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போறதா முடிவு. கோட்டைச் சுவர் மிச்சத்தையும் பார்க்கணும், அலையை எண்ணிப் பார்க்கணும்னு சொல்றா. தம்பி, முடிஞ்சா அங்க இருங்க.

மில்காரர் பேரன், உங்களுக்குத்தான் மகள் மூணு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கா. அப்படியே போடறேன்.

1. தாத்தா கூழ் கொண்டு போன தூக்கு எவ்வளவு கனம்?
2. அன்னைக்கு அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?
3. ஒரே நேரத்துல நாலு தூக்கு கொண்டு போனா எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்? பேர் எழுதியிருக்குமா?

மில்காரர் பேரன் | ஆகஸ்ட் 3, இரவு 11.20

பாப்பா, பித்தளைத் தூக்கு. கூழோட சேர்த்தா ஒண்ணு ரெண்டு கிலோவுக்குக் குறையாது. கேழ்வரகுக் கூழ்னா சூடு சீக்கிரம் ஆறாது, பிடி சுடும், அதனால கையில துணி சுத்திக்குவாராம். கூடத் தொட்டுக்க மோர் மிளகாய், சில நாள் சுட்ட கருவாடு, வாழை இலையில மடிச்சு.

பள்ளிக்கூடம் ரெண்டு வருசம் போனார், அப்புறம் போகலை. ஸ்டிரைக்குக்கு முன்னாடியே நின்னுட்டார். அதனால நாள் பூரா தெருவுலதான்.

மூணாவது கேள்வியை நான் தாத்தாகிட்ட கேட்டதே இல்ல. இன்னைக்கு எங்க அத்தைக்கு போன் போட்டுக் கேட்டேன், அவங்களுக்கு எழுபத்தெட்டு வயசு. தாத்தாவுக்குப் படிக்க வராது. சில தூக்குல பேர் வெட்டியிருக்கும், அவருக்கு அது கோடு மாதிரிதான் தெரியும். அதனால ஒவ்வொரு வீட்டுக்காரியும் பிடியில ஒரு அடையாளம் கட்டிவிடுவாளாம். கிழிஞ்ச சிவப்புச் சேலைத் துண்டு, தென்னங்கயிறு, வெள்ளை நாடா. அவங்கப்பாவோடதுல மஞ்சள் துணி. உள்ள இருந்தவங்க பேர் எதுவும் தாத்தாவுக்குத் தெரியாது. கேட்ல நின்னு "செவப்புத் துணி! கயிறு! நாடா!"ன்னு கத்துவாராம், அவங்கவங்க வந்து வாங்கிக்குவாங்க.

ஸ்டிரைக் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சும் தெருவுல யாரையாவது பார்த்தா, பேர் தெரியாம, "என்னா கயிறு மாமா, எங்க போறீங்க?"ன்னுதான் கூப்பிடுவாராம். அவரும் திரும்பிப் பார்ப்பாராம்.